அரைப் பவுன் லூரை அக்கரைக்கு அனுப்ப எந்த ராடு, எந்த ரீலு?

கேள்வி: அண்ணாச்சி, நான் சேர்மாதேவிப் பக்கம். கன்னடியன் கால்வாயிலயும் பக்கத்துக் குளங்கள்லயும் லீவு நாள்ல தூண்டி போடுவேன். இப்போ புழுவை விட்டுட்டு லூருக்கு, அதான் செயற்கை இரைக்கு, மாறியிருக்கேன். 4 கிராம் ஸ்பூனு, 5 கிராம் ஸ்பின்னரு வச்சிருக்கேன், எவ்வளவு வீசி எறிஞ்சாலும் பத்து மீட்டர் தாண்ட மாட்டேங்கு. கையில இருக்கது 8 அடி ராடும் 4000 சைஸ் ரீலும், 0.35 மில்லிமீட்டர் மோனோ லைன் (ஒத்தை நைலான் இழை). ரீலை மாத்து, பெயிட்காஸ்டர் வாங்குன்னு கூட்டாளி சொல்லுதான். 6000 ரூவா வரைக்கும் போடலாம். என்ன வாங்கட்டும்?

தம்பி, மொதல்ல அந்த ஆறாயிரத்தை பத்திரமா வச்சுக்கிடுங்க. பெயிட்காஸ்டர் யோசனையை இப்போதைக்கு பரண்ல போடுங்க. உங்க கூட்டாளி ரீலு மேல பழி போடுதாரு, ஆனா இந்த விஷயத்துல ரீலு கடைசிக் குத்தவாளி. லூரைக் கையில எடுத்து அங்க இருந்து ஒவ்வொண்ணா பின்னால வாங்க, லூரு, லைனு, ராடு, அதுக்கப்புறம் ரீலு. கடைக்காரங்க இதைத் தலைகீழா ரீல்ல இருந்து ஆரம்பிப்பாங்க, லாபம் அதுலதானே.

எடைன்னா நமக்கு பவுன்ல சொன்னாத்தான் மண்டையில ஏறும். ஒரு பவுன் 8 கிராம். அப்போ உங்க ஸ்பூனு அரைப் பவுன், ஸ்பின்னரு அதுக்குக் கொஞ்சம் மேல. இப்போ உங்க ராடோட கைப்பிடிக்கு மேல பொடி எழுத்துல லூர் வெயிட்டுன்னு போட்டிருக்கும் பாருங்க, 8 அடி மீடியம் ராடுன்னா அனேகமா 10-30 கிராம்னோ 15-40 கிராம்னோ இருக்கும். அதாவது ஒண்ணேகால் பவுன் கட்டித் தொங்கவிட்டாத்தான் அது வளையவே ஆரம்பிக்கும், நீங்க அரைப் பவுனைக் கட்டிட்டு ஏன் போகலைன்னு கேக்குதிய. சின்ன வயசுல கவட்டை வச்சு அடிச்சிருப்பியள்லா, தடிமனான ட்யூப் ரப்பர்ல வேப்பங்கொட்டையை வச்சு இழுத்தா என்ன ஆகும், அதேதான் இங்கயும். ராடு ஒரு வில்லு மாதிரி, பின்னால இழுக்கும்போது லூரோட கனம் அதை வளைக்கணும், வளைஞ்சது நிமிரும்போதுதான் லூரு பறக்கும். வளையாத ராடுல நீங்க என்ன மூச்சுக் கட்டி வீசுனாலும் அது வெறும் கைவீச்சு, தோள்பட்டைதான் வலிக்கும்.

எடையை சும்மா அட்டையில போட்டிருக்கத நம்பாதீங்க. தெரிஞ்ச நகைக்கடையில நிறுத்துப் பாருங்க, இல்ல குட்டி டிஜிட்டல் தராசு கிடைக்கு, ஒண்ணு வாங்கிப் போடுங்க. நான் அப்படி நிறுத்தப்போய்த்தான் ஒரு விஷயம் தெரிஞ்சுது, 3 கிராம் ஜிக்ஹெட்டுன்னு (தலையில ஈயம் வச்ச முள்ளு) நெனைச்சுக்கிட்டு இருந்தது அதுல ரப்பர் மீனையும் மாட்டி வச்சா ஆறு கிராம் கிட்ட வருது. அப்போ நீங்க எறியுறது மூணு இல்ல, ஆறு. தராசு இல்லையா, பத்து ரூவா காசு ஏறக்குறைய ஒரு பவுன் எடை இருக்கும், ஒரு கையில அதையும் இன்னொரு கையில லூரையும் வச்சுப் பாத்தாலே ஒரு மாதிரி பிடிபட்டுரும்.

சரி, பெயிட்காஸ்டர் ஏன் வேண்டாங்கேன். கிணத்து ராட்டை நெனைச்சுக்கிடுங்க. தண்ணி இருக்க வாளியை விட்டா உருளை கடகடன்னு சுத்தும், காலித் தகர டப்பாவைக் கட்டி விட்டா சுத்தாது, நாமதான் கயித்தைத் தள்ளணும். பெயிட்காஸ்டர்ல ஸ்பூல், அதான் லைன் சுத்தியிருக்க உருளை, சுத்தித்தான் லைன் வெளிய வரும், அதைச் சுத்த வைக்க வேண்டியது லூருதான். அரைப் பவுனுக்கு அந்தத் தெம்பு கிடையாது. கிளம்புற வேகத்துல ஸ்பூல் சுத்த ஆரம்பிச்சாலும் லூரு காத்துல சட்டுனு வேகம் குறைஞ்சிரும், ஸ்பூல் குறையாது, லைன் உள்ளயே பொங்கி குருவிக்கூடு ஆயிரும். சாதாரண பெயிட்காஸ்டருக்கு ஒரு பவுனுக்கு மேலதான் சுகம். லேசான லூருக்குன்னே குட்டி ஸ்பூல் போட்ட பெயிட் பினெஸ் ரீலு தனியா வருது, 3 கிராம் வரைக்கும் கூட போவும், ஆனா நல்லதா வாங்கணும்னா உங்க மொத்த பட்ஜெட்டும் அந்த ரீலுக்கே பத்தாது, அதுக்கு ஏத்த ராடு வேற.

உங்க கையில இருக்க மாதிரி ஸ்பின்னிங் ரீல்ல ஸ்பூல் அசையாது. நூல்கண்டை நட்டமா வச்சு மேல் வழியா நூலை உருவுத மாதிரி லைன் சுருள் சுருளா கழண்டு போவும். லூரு தன்னை மட்டும் தூக்கிட்டுப் போனா போதும், ரீலையும் சேத்துச் சுத்த வேண்டியதில்ல.

இதை நான் புத்தியாத்தான் தெரிஞ்சுகிட்டேன்னு நெனைக்காதீங்க. சில வருசம் முன்னால ஒரு கடையில "எல்லாத்துக்கும் ஆவும் சார்"ன்னு சொல்லி ஒரு பெயிட்காஸ்டரைத் தலையில கட்டிட்டாங்க. அரியநாயகிபுரம் அணைக்கட்டுக்குக் கீழ நின்னு 5 கிராம் ஸ்பின்னரைக் கட்டி எறிஞ்சேன், லூரு காலடியில சொத்துனு விழுந்துச்சு, ரீலுக்குள்ள லைன் பந்தாட்டம் பொங்கிட்டு. பாறை மேல உக்காந்து ஒவ்வொரு சுருளா எடுக்கேன், எடுக்க எடுக்க இறுகுது, வெயிலு மண்டையைப் பொளக்கு. ஆடு மேய்ச்சுக்கிட்டு வந்த ஒரு பெரியவரு பக்கத்துல குத்தவச்சு ரொம்ப நேரம் பாத்தாரு, அப்புறம், "ஏ தம்பி, மீனு தண்ணிக்குள்ளல்லா கெடக்கு, நீரு என்னத்த இதுக்குள்ள தேடுதேரு?"ன்னு கேட்டாரு. கடைசில கத்தரிதான். வெட்டுன லைனை மட்டும் ஆத்துல போட்டுறாதீங்க தம்பி, கொக்கு நாரை காலுல சுத்தி அதுக கெடந்து படுத பாட்டை ஒரு தடவை பாத்தா போதும்.

லைனுக்கு வாரேன், ஏன்னா உங்க கேசுல ராடுக்கு அடுத்த வில்லன் அந்த 0.35 மோனோதான். நரம்பு மாதிரி தடிச்சு, ரீல்ல கெடந்து கெடந்து ஸ்ப்ரிங்கு கணக்கா சுருண்டு போயிருக்கும். அது ராடுல இருக்க ஒவ்வொரு வளையத்துலயும் தட்டித் தட்டிப் போவும், அரைப் பவுனோட வேகத்தை அதுவே தின்னுரும். பிரெய்டு லைனுக்கு, அதான் பல இழை பின்னுன லைனுக்கு, மாறுங்க. பி.ஈ. (பிரெய்டு தடிமனுக்குப் போடுத நம்பர்) 0.8 போதும், தடிமன் ஏறக்குறைய 0.15 மில்லிமீட்டர், அதாவது உங்க மோனோல பாதி கூட இல்ல, ஆனா நல்ல கம்பெனி சரக்குன்னா அஞ்சு கிலோவுக்கு மேல தாங்கும். முனையில லூருக்கு முன்னால ஒரு கை நீளம் புளோரோகார்பன் லைனை லீடரா சேருங்க, 10 இல்ல 12 பவுண்டு தாங்குதது, இது பவுண்டு, நகைப் பவுன் இல்ல, ரெண்டையும் குழப்பிக்கிடாதிய. ரெண்டு லைனையும் சேக்க டபுள் யூனி முடிச்சு பழகுங்க, எப்.ஜி. முடிச்சு இன்னும் சின்னதா இருக்கும், வளையத்துல தட்டாம போவும், ஆனா ஆத்தங்கரையில காத்துல நின்னு போடணும்னா பொறுமை வேணும். முடிச்சு போடும்போது எச்சில் தொட்டு நனைச்சு இறுக்குங்க.

பிரெய்டை நேரா ஸ்பூல்ல கட்டுனா மொத்தமா வழுக்கிச் சுத்தும், மீனு இழுக்கும்போது டிராக் (லைனை விட்டுக்கொடுக்குத ரீல் பிரேக்கு) கெட்டுப்போச்சோன்னு தோணும். அடியில கொஞ்சம் மோனோ சுத்திட்டு அது மேல 100 மீட்டர் பிரெய்டு போடுங்க, ஸ்பூல் விளிம்புக்கு ரெண்டு மில்லிமீட்டர் கீழ வரைக்கும் நிரம்பணும். அரைகுறையா விட்டா லைன் விளிம்புல உரசி தூரம் குறையும், வழிய வழிய நிரப்புனா கொத்தாக் கழண்டு சிக்காயிரும்.

இப்போ ராடு. ஆறரை அடில இருந்து 7 அடிக்குள்ள, ரெண்டு துண்டா கழட்டுத மாதிரி, கார்பன்ல, லூர் வெயிட் 2-10 கிராம்னு போட்டதா பாருங்க. லைட்டு, அல்ட்ரா லைட்டுங்கத கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதனால எழுத்தை விட்டுட்டு கிராமைப் பாருங்க. எந்த ராடும் அந்த எழுதியிருக்க அளவோட நடுவுல இருந்து கொஞ்சம் மேலதான் ஜோரா எறியும், அடிமட்டத்துல இழுபறியாத்தான் இருக்கும், அப்போ 4, 5 கிராமுக்கு 5-15 ராடு வாங்குனா மறுபடியும் இதே கதைதான். ஆக்‌ஷன், அதான் ராடு வளையுத விதம், ரொம்ப பாஸ்ட்டா, நுனி மட்டும் வளையுததா வேண்டாம், பாதி வரைக்கும் வளையுதது லேசான லூருக்கு நல்லது. ஆன்டெனா மாதிரி உள்ள மடக்குத டெலஸ்கோப் ராடு பைக்ல கொண்டுபோக சௌரியம்தான், ஆனா வளையம் கொஞ்சம்தான் இருக்கும், வளைவும் ஒரே சீரா வராது, எனக்குப் பிடிக்காது.

கடைக்குப் போகும்போது உங்க ஸ்பூனை முள்ளைக் கழட்டிட்டு சட்டைப் பையில போட்டுக்கிட்டுப் போங்க. ராடு நுனி வளையத்துல நூலைக் கட்டி ஒரு சாண் கீழ ஸ்பூனைத் தொங்கவிட்டு, மணிக்கட்டை மட்டும் வச்சு லேசா முன்னும் பின்னும் ஆட்டுங்க. ஸ்பூனு பின்னால போகும்போது நுனி அது கூடவே போய் ஒரு நொடி தாமதிச்சுத் திரும்புதா, அதுதான் உங்க ராடு. கம்பு மாதிரி நுனி வெறப்பா நின்னு நூலு மட்டும் ஆடுச்சுன்னா வச்சிட்டு வந்துருங்க, என்ன கம்பெனியா இருந்தாலும் சரி. கடைக்காரர் ஒரு மாதிரி பாப்பாரு, பாக்கட்டும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வையுங்க, கார்பன்ல கரண்டு பாயும், வயக்காட்டுல மோட்டார் லைன் தாழ்ந்து தொங்குத இடத்துல ராடைத் தூக்கிக்கிட்டு நடக்காதிய.

ரீலு சுருக்கமா சொல்லிருதேன். ஸ்பின்னிங், 2000 இல்ல 2500 சைஸ், ஸ்பூல் ஆழம் குறைஞ்சது கிடைச்சா நல்லது. ஷிமானோ சியென்னா மாதிரி ஆரம்ப கட்ட மாடலே உங்களுக்குத் தாராளம். பால்பேரிங் எத்தனைன்னு கத்துவாங்க, அதைக் கண்டுக்காதீங்க, கைப்பிடியைச் சுத்தும்போது ஆட்டம் இருக்கா, டிராக் திக்கித் திணறாம வழுக்குதா, இது ரெண்டும் போதும். உங்க 4000 ரீலை இந்த லைட் ராடுல மாட்டுனா கை ரெண்டு மணி நேரத்துல கழண்டு போவும். ஆறாயிரத்தைப் பிரிக்கச் சொன்னா ராடுக்கு 2500, ரீலுக்கு 2500, மிச்சம் 1000 லைனுக்கும் லீடருக்கும்னு நான் பிரிப்பேன். நிறைய பேரு ரீலுக்கு அஞ்சாயிரத்தைக் கொடுத்துட்டு எரநூறு ரூவா லைனைச் சுத்திக்கிட்டு வாராங்க.

டிராக் வைக்கத் தராசு வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணி பாட்டிலை நிரப்பி லைன்ல கட்டி ராடைத் தூக்குங்க, பாட்டில் தரையை விட்டு எழும்பி எழும்பாம இருக்கும்போது லைன் மெதுவா வழுக்கிக் கொடுக்கணும். ஒரு கிலோ விராலு கால்வாய்ல திறந்த தண்ணியில மாட்டுனா இந்த செட்டப்புல தாராளமா ஏத்திரலாம்.

ஆனா குளத்துல தாமரைக்குள்ளயும் ஆகாயத்தாமரைக்குள்ளயும் இதை எறியாதிய. அங்க விராலு கடிச்ச மறுநொடி செடிக்குள்ள சொருகிரும், 0.8 பிரெய்டு அறுந்து லூரும் போயி, மீனு வாயில முள்ளோட அலையும். அதுக்குத்தான் உங்க பழைய 8 அடி ராடு, அதைத் தூக்கிப் போட்டுறாதீங்க. அந்த 4000 ரீல்ல 30 பவுண்டு பிரெய்டைச் சுத்தி, 12, 15 கிராம் தவளை லூரைக் கட்டுங்க, அதுக்கு அது பிறந்த ராடு. லேசான செட்டை கால்வாய் மடை வாய், அணைக்கட்டுக்குக் கீழ நுரை அடங்குத ஓரம், கல்லுக்கு நடுவுல குறவை, உழுவை, சின்ன விராலு இதுகளுக்கு வையுங்க. புன்னக்காயல் பக்கம் ஆத்து முகத்துக்குப் போனா பாறைக்குட்டிக்கும் (குட்டிப் பாறை மீனு) இதே செட்டுதான், வீட்டுக்கு வந்த உடனே ரீலை நல்ல தண்ணியில லேசா அலசிக் காய வைக்கணும், உப்பு ஒரு வாரத்துல அரிச்சிரும். காரையாறு, சேர்வலாறு பக்கம் ராடோட போயிராதிய, அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள்ள. குளம்னா குத்தகைக்காரர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுங்க.

காத்து பத்தி ஒண்ணு. ஆடி மாசம் பணகுடி, ராதாபுரம் பக்கம் காத்தாலை சுத்துத வேகத்துல அரைப் பவுன் லூரை எதிர்க்காத்துல எறியுதது களத்துல பதரை எதிர்க்காத்துல தூத்துத மாதிரி, உங்க மூஞ்சிக்கே திரும்பி வரும். காத்துக்கு முதுகைக் காட்டி நில்லுங்க, முடியலைன்னா அகலமான ஸ்பூனை விட்டுட்டு அதே எடையில ஒல்லியா நீளமா இருக்க லூரை மாட்டுங்க, தாழ்வா பக்கவாட்டுல எறியுங்க. லூரு தண்ணியில விழுததுக்குக் கொஞ்சம் முன்னால ஆள்காட்டி விரலால ஸ்பூல் விளிம்பைத் தொட்டு லைனை நிறுத்துங்க, ஸ்பூலுக்கு முன்னால இருக்க வளைஞ்ச கம்பியை, ரீல் கைப்பிடியைச் சுத்தி மூடாம, கையால மடக்குங்க, தொளதொள சுருள் உள்ள போகாது, சிக்குல பாதி அங்கயே தீரும்.

புது செட்டு வந்ததும் நேரா ஆத்துக்கு ஓடாதீங்க. அறுப்பு முடிஞ்ச வயக்காட்டுல முள்ளு கழட்டுன அதே ஸ்பூனை ஒரு அம்பது தடவை எறிஞ்சு பாருங்க, இருபத்தஞ்சு மீட்டர் சுலபமா போவும். போகலைன்னா ராடு மேல இருக்க கிராம் கணக்கையும் ஸ்பூல் நிரம்பியிருக்கதையும் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க, பாத்துச் சொல்லுதேன். மாடு மேயுத பக்கமா மட்டும் எறியாதிய.