கடித்த நாய் எங்கே? வெறிநாய்க்கடி கேள்வி பதில்

மேலூர்ப் பக்கம் பல வருடம் மாட்டாஸ்பத்திரியில் வேலை பார்த்தவன் நான். வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தெருநாய் என் மகளைக் காலில் கடித்துவிட்டது. பத்து நாள் நாயைப் பார்த்துவிட்டு ஊசி போடலாம் என்கிறார் மாமனார். சரியா? (உசிலம்பட்டி)

இல்லைம்மா. பத்து நாள் கணக்கு நாய்க்கு, பிள்ளைக்கு இல்லை. குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவுங்கள். அன்றைக்கே முதல் ஊசி. ரத்தம் வந்திருந்தால் காயத்திலேயே போடும் இம்யூனோகுளோபுலினும் (கிருமியை உடனே தடுக்கும் எதிர்ப்புப் பொருள்) வேண்டும், கேட்டு வாங்குங்கள். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வைக்காதீர்கள்.

அப்புறம் நாய். எச்சிலில் கிருமி வந்துவிட்ட நாய் பத்து நாளுக்குள் செத்துவிடும். அதன் பிறகும் நன்றாகத் தின்று திரிந்தால், கடித்த அன்று எச்சிலில் கிருமி இல்லை என்று அர்த்தம். மிச்ச ஊசியை என்ன செய்வது என்று டாக்டர் சொல்வார். ஊர்கூடி அடித்துக் கொன்றுவிட்டால் இந்தத் தகவல் போச்சு. தானாகச் செத்தால் வெறுங்கையால் தொடாமல், புதைக்கும் முன் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். மூளையைச் சோதித்தால்தான் உறுதியாகத் தெரியும்.

தொப்புளைச் சுற்றி ஊசி இன்னும் உண்டா? (திருமங்கலம்)

அது எங்கள் காலத்துப் பயம். இப்போது கையில்தான். தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்கள்; 0 என்பது முதல் ஊசி போடும் நாள். அரசு மருத்துவமனையில் இலவசம்.

கடிபட்டவருக்கு ஊசி போடுகிறோம். நாய்க்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்? (கிராம சுகாதார செவிலியர், அலங்காநல்லூர் பக்கம்)

நல்ல கேள்வி. கடிபட்டவர் உங்களிடம் வருகிறார், நாய் எங்கள் பக்கம் நிற்கிறது. சீட்டில் 'நாய்க்கடி' என்று மட்டும் இருக்கும். எந்தத் தெரு, யார் வீட்டு நாய், இன்னும் உயிரோடு இருக்கிறதா, ஒன்றும் இருக்காது. ஒரு ஊரில் ஒரே வாரத்தில் மூன்று பேர் தனித்தனியாக ஊசிக்குப் போயிருந்தார்கள். கடித்தது ஒரே நாய். எனக்கு அது டீக்கடையில்தான் தெரிந்தது, நாலாவது ஆளையும் கடித்த பிறகு. அன்றைக்கே அங்கிருந்த மருந்தாளுநரும் நானும் போன் நம்பர் வாங்கிக்கொண்டோம்.

2030-க்குள் நாய்வழி வெறிநோய்ச் சாவை ஒழிக்க 2021 செப்டம்பர் 28 அன்று வெளியான தேசியத் திட்டம், சுகாதாரம், கால்நடை ஆகிய இரு அமைச்சகங்களும் சேர்ந்து கொண்டுவந்ததுதான். மேலே சேர்ந்துவிட்டார்கள். கீழே நாம்தான் இன்னும் தனித்தனிப் பதிவேடு வைத்திருக்கிறோம்.

பிடித்துக்கொண்டுபோன நாயை அதே தெருவில் ஏன் விடுகிறார்கள்? (செல்லூர்)

சட்டம் அப்படி. காரணமும் உண்டு. ஒரு பகுதியில் 70 சதவீத நாய்களுக்குத் தடுப்பூசி இருந்தால் நோய் பரவ வழியில்லை. தடுப்பூசி போட்ட நாயை அப்புறப்படுத்தினால் போடாத நாய் அந்த இடத்துக்கு வரும். காதில் வெட்டு இருந்தால் கருத்தடை ஆனது.

வெறிபிடித்த பசுவின் பாலைக் குடித்துவிட்டோம். (வாடிப்பட்டி)

காய்ச்சிய பாலா? பயம் வேண்டாம். பச்சையாகக் குடித்தவர்கள் டாக்டரிடம் சொல்லுங்கள். எனக்குப் பயம் வேறு இடத்தில். வெறிநோயில் தொண்டை மரத்துப்போய் மாட்டால் விழுங்க முடியாது, எச்சில் கொட்டும், குரல் கரகரக்கும். தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று வாய்க்குள் கையை விட்டுத் துழாவுவார்கள். நானும் ஒருமுறை துழாவியிருக்கிறேன். மாடு செத்த பிறகு அதைத் தொட்டவர்கள் பட்டியலை எழுதிச் சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனேன், முதல் பெயர் என்னுடையது. முன்பே தடுப்பூசி போட்டிருந்ததால் எனக்கு இரண்டு ஊசியோடு முடிந்தது.