தகட்டில் விழுந்த கட்டைவிரல்: வீட்டில் கட்டும் விமானத்துக்குப் பிரைமர் அடிப்பது பற்றிச் சில கேள்விகள்

ஹூஸ்டனில் என் வீட்டு கராஜில் வான்ஸ் ஆர்வி-7 என்ற சிறு விமானம் ஒன்றை ஏழு வருடத்தில் கட்டி முடித்தேன். இப்போது கட்டிக்கொண்டிருப்பவர்கள் பிரைமர் (அரிப்பைத் தடுக்கத் தகட்டின் மேல் முதலில் அடிக்கும் பூச்சு) பற்றி அனுப்பிய கேள்விகளும் என் பதில்களும் கீழே.

அண்ணா, ஆல்கிளாட் தகட்டுக்குப் பிரைமரே வேண்டாம் என்கிறார்களே? பழைய செஸ்னா விமானங்கள் உள்ளே வெறும் தகடோடுதானே பறக்கின்றன?

பறக்கின்றன. 1960, 70களில் வந்த பல செஸ்னாக்களுக்கு உள்பக்கம் பிரைமர் கிடையாது. வேண்டுமென்றால் தனியாகக் காசு கொடுக்க வேண்டும். வறண்ட ஊரில் ஹேங்கருக்குள்ளேயே நின்றவை இன்றும் நன்றாக இருக்கின்றன. கடலோரத்தில் வெயிலிலும் மழையிலும் நின்றவற்றின் கதை வேறு.

ஆல்கிளாட் என்பது 2024 என்ற எண்ணுள்ள அலுமினியக் கலவைத் தகட்டின் இரு பக்கமும் சுத்த அலுமினியத்தை மெல்லிசாக ஏற்றியது. அந்தக் கலவையில் நான்கு சதவீதத்தை ஒட்டிச் செம்பு இருக்கிறது. தகட்டுக்குப் பலம் தருவதும் அதுதான், அரிப்புக்கு வழி விடுவதும் அதுதான். 0.032 அங்குலத் தகட்டில் மேலே இருக்கும் சுத்த அலுமினியம் பக்கத்துக்குச் சுமார் 40 மைக்ரான். துளை போட்ட இடத்திலும் வெட்டிய ஓரத்திலும் அதுவும் இல்லை. அரிசோனாவில் இருக்கிறீர்கள் என்றால் தகடும் தகடும் சேரும் இடங்கள், ஆல்கிளாட் இல்லாத ஆங்கிள்கள், இவற்றுக்கு மட்டும் அடித்தால் போதும் என்பேன். புளோரிடா என்றால் யோசிக்காமல் எல்லாவற்றுக்கும் அடியுங்கள்.

எந்த பிரைமர் நல்லது சார்?

இந்தச் சண்டை முடியவே முடியாது. நான் அடித்தது இரண்டு பாக எபாக்ஸி. காய்ந்த பிறகு பெட்ரோலுக்கும் ஹைட்ராலிக் எண்ணெய்க்கும் அசையாது. டப்பாவில் வரும் செல்ஃப்-எட்ச் ஸ்ப்ரே (அமிலம் கலந்த பிரைமர்) சின்ன பிராக்கெட்டுகளுக்கு வசதி, ஆனால் அதன் மேலேயே எபாக்ஸி அடிக்காதீர்கள். அடியில் தங்கும் அமிலம் எபாக்ஸியைச் சரியாக இறுக விடாது; பல எபாக்ஸிகளின் தரவுத் தாளிலேயே கூடாது என்று போட்டிருக்கும். எதை வாங்கினாலும் ஒரே கம்பெனியின் பிரைமர், ஹார்ட்னர், தின்னர் என்று சேர்த்து வாங்குங்கள்.

அடித்த பிரைமர் டேப்போடு உரிந்து வருகிறது. நல்ல பிராண்டுதான் வாங்கினேன்.

பிராண்டை விடுங்கள், தேய்த்ததையும் துடைத்ததையும் பாருங்கள். எனக்கும் இது நடந்தது. ஒரு ரிப்பின் (உள்ளே தகட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) மடிப்பில் டேப் ஒட்டி இழுத்தேன், கட்டைவிரல் அளவுக்கு பிரைமர் பெயர்ந்து வந்தது. அளவு மட்டுமில்லை, உருவமும் கட்டைவிரலேதான். துடைத்து முடித்த தகட்டைக் கையுறை இல்லாமல் ஒரு நொடி தூக்கிப் பார்த்த பலன்.

நான் செய்யும் வரிசை இதுதான். துளை, பிசிறு எடுப்பது, டிம்பிள் (ரிவெட் ஆணியின் தலை பதியத் துளையைச் சுற்றிக் குழி அழுத்துவது) எல்லாம் முதலில் முடிந்திருக்க வேண்டும். அப்புறம் அசிட்டோனால் ஒரு துடைப்பு. தேய்ப்பதற்கு முன்பே எண்ணெயை எடுக்காவிட்டால் அதையே கீறலுக்குள் தேய்த்து ஏற்றுவீர்கள். அடுத்து மரூன் நிற ஸ்காட்ச்-பிரைட்டை, தண்ணீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் தொட்டு, குறுக்கும் நெடுக்குமாகத் தேய்க்க வேண்டும். பளபளப்பு போய் ஒரே சீராக மங்கினால் நிறுத்திவிடுங்கள். இன்னும் அழுத்தினால் போவது அந்த 40 மைக்ரான்தான்.

கழுவிய தகட்டைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் ஒரே படலமாக இறங்கினால் சுத்தம். தாமரை இலையில் உருளுகிற மாதிரி அங்கங்கே முத்துக் கட்டினால் எண்ணெய் இன்னும் போகவில்லை, மறுபடி முதலிலிருந்து. காய்ந்ததும் கடைசியாக ஒரு முறை துடைக்கும்போது கையில் இரண்டு துணி வேண்டும்: அசிட்டோனில் நனைத்த துணி ஒன்று, அது ஆவியாவதற்குள் பின்னாலேயே ஒற்றி எடுக்க உலர்துணி ஒன்று. ஒரே துணியால் துடைத்துக் காயவிட்டால் அழுக்கு இடம் மாறியதோடு சரி. அன்றைக்கே பிரைமர் அடித்துவிடுங்கள். ராத்திரி விட்டுவிட்டால் காலையில் மறுபடி தேய்ப்புதான்.

இவ்வளவும் செய்து, ஸ்ப்ரே கன்னை அழுத்தியதும் மீன் கண் மாதிரி வட்டம் வட்டமாக விலகினால் கம்ப்ரஸரைப் பாருங்கள். எங்கள் ஊர் ஈரக்காற்றில் டாங்கில் தண்ணீர் சேர்ந்துகொண்டே இருக்கும். அதே கராஜில் யாராவது சிலிக்கான் ஸ்ப்ரே அடித்திருந்தாலும் இதே கதிதான்.

கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் சீக்கிரம் முடியாதா?

முடியும். இரும்புத் துகள் அலுமினியத்தில் பதிந்து அரிப்பும் சீக்கிரம் ஆரம்பிக்கும். ஸ்டீல் ஊலும் அப்படியே. பென்சிலால் கோடு போடுவதையும் விட்டுவிடுங்கள், கிராஃபைட்டும் அலுமினியத்தை அரிக்க வைக்கும். மார்க்கர் பேனா போதும்.

விமானப் பாகங்களின் கிட் வந்து இரண்டு வருடமாக நீல பிளாஸ்டிக் உறையோடு அப்படியே இருக்கிறது. உரிக்கட்டுமா அக்காகிட்ட கேட்கட்டுமா என்று யோசிக்கிறேன் :)

அக்காவைக் கேட்டாலும் உரி என்றுதான் சொல்வார்! அந்த உறையை நீண்ட நாள் விட்டால் அடியில் ஈரம் தங்கி அரிக்கும், பசையும் பிடித்துக்கொள்ளும். வெளிப்பக்கம் கீறல் விழும் என்று பயமாக இருந்தால், முனை மழுக்கிய சால்டரிங் அயர்னை ஸ்கேல் வைத்து ரிவெட் வரிசையின் இருபுறமும் லேசாக ஓட்டி, அந்தப் பட்டையை மட்டும் உரியுங்கள். கத்தி மட்டும் வேண்டாம்.

அலோடைன் செய்வது அவசியமா?

அலோடைன் என்பது அலுமினியத்தின் மேல் அரிப்பைத் தடுக்கும் படலம் உண்டாக்கும் ரசாயனம். அவசியமில்லை, செய்தால் நல்லது. அமிலக் கழுவல், தண்ணீர், இரண்டிலிருந்து ஐந்து நிமிடம் அலோடைன், மறுபடி தண்ணீர். தகடு இளம் தங்க நிறமாக மாறும். ஆனால் அந்தத் தங்க நிற ரகத்தில் இருப்பது ஹெக்ஸாவேலன்ட் குரோமியம், புற்றுநோய் தருவது. அதைத் துடைத்த துணியைக் கழுவாமல் காயவிட்டால் தீப்பிடிக்கவும் கூடும். கழிவைச் சாக்கடையில் ஊற்றுவது சட்டப்படியும் தப்பு. அதனால்தான் நான் சில முக்கியப் பாகங்களோடு நிறுத்திக்கொண்டேன்.

சாதாரண கரி மாஸ்க் போதுமா?

எபாக்ஸி பிரைமருக்கு, புது கார்ட்ரிட்ஜும் நல்ல காற்றோட்டமும் இருந்தால், நான் அதைத்தான் போட்டேன். மேலே அடிக்கும் பாலியூரிதேன் பெயின்ட்டுக்கு அது வேண்டாம். அதன் ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கும். மூக்குக்கு வாசனை தெரிவதற்கு முன்பே நுரையீரலைக் கெடுக்கும். ஒரு முறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலே மூச்சிரைக்கும். வெளியிலிருந்து குழாயில் சுத்தக் காற்று வரும் முகமூடி வேண்டும். அது கட்டுப்படியாகாதா, பெயின்ட் கடையிலேயே கொடுத்து அடித்து வாங்குங்கள். நான் அப்படித்தான் செய்தேன்.

பெட்ரோல் டாங்கின் உள்பக்கமும் அடிக்கணுமா?

வேண்டாம். அங்கே கசிவைத் தடுக்கும் சீலன்ட் வெறும் தகட்டைத்தான் பிடிக்க வேண்டும். தேய்ப்பதும் துடைப்பதும் மட்டும் இரு மடங்கு.

எலிவேட்டருக்கும் (வாலில் அசையும் பாகம்) எய்லரானுக்கும் (இறக்கையில் அசையும் பாகம்) இரண்டு கோட் கூடுதலாக அடித்தேன், பாதுகாப்பாக இருக்கட்டும் என்று.

அதைச் சுரண்டி எடுங்கள், தம்பி. கீலுக்குப் பின்னால் ஏறும் ஒவ்வொரு கிராமும் பேலன்ஸைக் கெடுக்கும். கெட்டால் வேகத்தில் படபடவென்று அடித்துக்கொண்டு பாகமே பிய்ந்து போகலாம். ராணுவத் தர எபாக்ஸி பிரைமருக்கே காய்ந்த தடிமன் 15 முதல் 23 மைக்ரான்தான், அடியில் இருக்கும் உலோகம் லேசாகத் தெரிந்தால்கூடப் பரவாயில்லை. பெயின்ட் முடிந்ததும் இரண்டையும் கழற்றி மறுபடி பேலன்ஸ் பாருங்கள். பார்த்த எண்ணை லாக் புத்தகத்தில் எழுதி வையுங்கள். பின்னால் எப்போதாவது டச்-அப் செய்யும்போது தேடுவீர்கள்.