பிரெஞ்சு விசைப்பலகையில் @ குறி வராதது குறித்து

வணக்கம். புதுச்சேரியில் உங்கள் பெரியப்பா பிரான்சிலிருந்து கொண்டுவந்த மடிக்கணினியில் மட்டும், நீங்கள் எழுதிய நிரலில் @ குறியை அடித்தால் அது வராமல், எழுத்தளவு பழைய நிலைக்குத் திரும்புகிறது என்று எழுதியிருந்தீர்கள். பிழை விசைப்பலகையில் இல்லை. உங்கள் நிரலில் இருக்கிறது.

பிரெஞ்சு விசை அமைப்பில் ஆல்ட்ஜிஆர் (AltGr, இடைவெளி விசைக்கு வலப்பக்கம் உள்ளது) விசையைப் பிடித்துக்கொண்டு 0 விசையை அழுத்தினால்தான் @ கிடைக்கும். விண்டோஸ் அந்த ஆல்ட்ஜிஆரை இடது கண்ட்ரோலும் வலது ஆல்ட்டும் சேர்ந்து அழுத்தப்பட்டதாகவே நிரலுக்குத் தெரிவிக்கிறது. உங்கள் நிபந்தனையோ கண்ட்ரோல் அழுத்தப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்து, ஆல்ட்டைக் கண்டுகொள்ளாமல், எழுத்தளவைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் கண்ட்ரோல்+0 குறுக்குவழியை இயக்கிவிடுகிறது. நம் ஊரில் பரவலாக உள்ள அமெரிக்க அமைப்பில் ஆல்ட்ஜிஆர் இல்லாததால் இது இத்தனை நாள் வெளிப்படவில்லை.

ஆகவே கண்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட், விண்டோஸ் ஆகிய நான்கு விசைகளின் நிலையும் குறுக்குவழியில் குறித்தபடியே துல்லியமாகப் பொருந்தினால் மட்டும் கட்டளையை இயக்குங்கள்; பொருந்தாதவற்றை விசை அழுத்தத்தை எழுத்தாக மாற்றும் விண்டோஸ் செயற்கூறான டிரான்ஸ்லேட்மெசேஜுக்கு (TranslateMessage) விட்டுவிட்டால், @ எழுத்துச் செய்தியாகத் தானே வந்துசேரும். வலது ஆல்ட்டை மட்டும் விலக்குவது அரைகுறைத் தீர்வு, ஏனெனில் இடது கண்ட்ரோலையும் இடது ஆல்ட்டையும் சேர்த்து அழுத்தினாலும் விண்டோஸ் அதை ஆல்ட்ஜிஆராகவே ஏற்கும். அதே காரணத்தால் கண்ட்ரோல்+ஆல்ட் குறுக்குவழிகளை அறவே தவிர்ப்பது நல்லது என்பது என் கருத்து.

விசை நிலைகளை நீங்களே மாறிகளில் சேமித்துவைத்தால், சாளரம் கவனத்தை இழக்கும்போது (பயனர் வேறு சாளரத்துக்கு மாறும்போது) அவற்றை அழித்துவிடுங்கள். ஆல்ட்+டேப் அழுத்தி வெளியேறியபின் விசையிலிருந்து விரலை எடுத்ததைச் சொல்லும் செய்தி உங்களுக்கு வராமல் போகலாம்.