எல்இடி பல்பும் ரேடியோ இரைச்சலும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

தக்கலை: பல்பு போட்டதும் திருநெல்வேலி நிலையம் கரகரவென்று மூழ்கிவிடுகிறது. ரேடியோ பழுதா?

ரேடியோ நன்றாகத்தான் இருக்கிறது. பல்புக்குள் இருக்கும் டிரைவர் என்ற மின்சுற்று மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி விடுகிறது. அந்த வேகத்தின் மடங்குகள் திருநெல்வேலி நிலையத்தின் 1197 கிலோஹெர்ட்ஸ் பக்கமும் வந்து விழும், வீட்டு வயரிங்கே ஏரியலாகி அதைப் பரப்பும். இதைத் தடுக்கிற சோக்கையும் கப்பாசிட்டரையும் மலிவுப் பல்பில் விட்டுவிடுகிறார்கள். பேட்டரி ரேடியோவைப் போட்டுக்கொண்டு மெயினை அணையுங்கள். அப்போதும் இரைந்தால் அது பக்கத்து வீட்டிலிருந்தோ தெருவிளக்கிலிருந்தோ வருகிறது. அடங்கினால் ஒவ்வொரு விளக்காகப் போட்டுப் பாருங்கள். எது என்று தெரியாமல் எதையும் வாங்காதீர்கள்.

நாகர்கோவில்: இரைச்சலை அடக்க வயரில் ஃபெரைட் வளையம் மாட்டியும் குறையவில்லையே அண்ணே?

வயரை ஒரே ஒரு முறை நுழைத்திருப்பீர்கள். பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து ஐந்து சுற்று சுற்றினால் தடுப்பு ஏறக்குறைய இருபத்தைந்து மடங்காகும். விளக்கை ஒட்டியே மாட்ட வேண்டும், சுவிட்ச் போர்டில் மாட்டினால் நடுவில் உள்ள வயர் இரைந்துகொண்டேதான் இருக்கும். மெயினை அணைத்துவிட்டுச் செய்யுங்கள்.

குழித்துறை: பல்பைப் பிரித்து நானே கப்பாசிட்டர் வைக்கலாமா?

வேண்டாம். உள்ளே 230 வோல்ட் நேரடியாக இருக்கிறது.

மார்த்தாண்டம், எலக்ட்ரீசியன்: விலை கூடிய பல்பு வாங்கினால் தீர்ந்தது, இவ்வளவு பேச்சு எதற்கு?

இதை ஒத்துக்கொள்ள மாட்டேன். விலையைப் பார்த்து இரைச்சலைச் சொல்ல முடியாது. டிஓபி பல்புகளில், அதாவது எல்இடி பலகையிலேயே டிரைவரும் இருக்கிற பல்புகளில், பெரும்பாலும் லீனியர் ஐசி, வெட்டும் வேலையே கிடையாது, அதனால் மலிவாக இருந்தும் ரேடியோவைத் தொந்தரவு செய்யாது.

அவரே மீண்டும்: டிஓபி வோல்டேஜ் குறைந்தால் மங்கும், சூடாகும், மினுக்கும்.

அது உண்மை, படிக்கிற மேசைக்கு நானும் போட மாட்டேன். ரேடியோ வைத்திருக்கிற அறைக்குத்தான் சொல்கிறேன். கடையிலேயே சிறிய ரேடியோவைப் பல்பின் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள், நாம் இரண்டு பேரும் வாதாட வேண்டியதில்லை.

குளச்சல்: வள்ளத்தில் எல்இடி போட்ட பிறகு விஎச்எஃப் வயர்லெஸ் தூரத்தில் எடுக்கவில்லை.

இதைத்தான் எல்லோரும் கவனிக்க வேண்டும். அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2018இலேயே இதற்கு எச்சரிக்கை விட்டது. விளக்கை அணைத்து, பேச்சில்லாத சேனலில் இரைச்சல் சரியாக அடங்கும் இடத்தில் ஸ்குவெல்ச்சை (இரைச்சலை அடக்கும் திருகை) வையுங்கள். பிறகு விளக்கைப் போடுங்கள். இரைந்தால் அதுதான் காரணம். ஆன்டெனாவை விட்டு விளக்கைத் தள்ளி வையுங்கள், இல்லையென்றால் மாற்றுங்கள். ஒக்கி புயலுக்குப் பிறகு நம் கரையில் யாரும் ஆபத்தில் உதவி கேட்கிற 16ஆம் சேனலைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. கரையில் நிற்கும்போதே சோதியுங்கள், கடலில் வைத்து வேண்டாம்.

திருவட்டார்: எந்தக் கம்பெனி பல்பு நல்லது?

இதையே நான்கு பேர் கேட்டாயிற்று. மார்த்தாண்டத்துக்காரருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

கொட்டாரம்: எர்த் போட்டால் இரைச்சல் போகுமா?

போகாது. பல்பில் எர்த் இணைப்பே இல்லை. நியூட்ரலை எர்த்தில் சேர்க்கிற வேலையும் வேண்டாம்.

ஆரல்வாய்மொழி: ஆட்டோவில் எஃப்எம் 101 கரகரக்கிறது.

எஞ்சின் வேகத்தோடு இரைச்சலும் ஏறினால் அது பிளக் பக்கம். மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.