ஜெஃபர்சனின் மாவும் கடனும்

மதிப்பிற்குரிய ஐயா,

அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த தாமஸ் ஜெஃபர்சனைப் பற்றிய தங்கள் கட்டுரையில், அவர் வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகர வணிகர்கள் வழியாகக் கோதுமை மாவை விற்றுக் கடனை அடைக்க முயன்றார் என்று படித்தேன். ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலமும் சொந்த மாவு ஆலையும் இருந்த ஒருவரால் கடைசிவரை ஏன் கடனிலிருந்து மீள முடியவில்லை? இடையில் இருந்த வணிகர்கள் அவரை ஏமாற்றினார்களா? எங்கள் குடும்பம் தலைமுறைகளாக மண்டி நடத்துவதால் இதைக் கேட்கிறேன்.

ஒரு வாசகர், விருதுநகர்

அன்புள்ள நண்பருக்கு,

வணிகர்கள் ஏமாற்றினார்கள் என்று சொல்ல இடமில்லை. கடனின் வேர் மாவு வணிகத்துக்கு முந்தையது. 1773இல் மாமனார் ஜான் வேல்ஸ் இறந்தபோது, 11,000 ஏக்கர் நிலமும் 135 அடிமைகளும் ஜெஃபர்சன் தம்பதியர் கைக்கு வந்தன. அவற்றோடு பிரிஸ்டல் நகரத்து ஃபாரெல் அண்ட் ஜோன்ஸ் நிறுவனத்துக்குத் தரவேண்டிய பெருங்கடனும் வந்தது. அதை அடைக்க அவர் நிலத்தை விற்றார். ஆனால் வாங்கியவர்கள் அமெரிக்கப் புரட்சிப் போர்க் காலத்தில் மதிப்பிழந்துகொண்டிருந்த காகிதப் பணத்தைக் கொடுத்ததால், நிலம் போயும் கடன் அப்படியே நின்றது.

1790களில் அவர் வர்ஜீனியாவில் தாம் வாழ்ந்த மான்டிசெல்லோ பண்ணையின் நிலங்களில் புகையிலையை விட்டுக் கோதுமைக்கு மாறினார். ரிவானா ஆற்றங்கரையில் ஷாட்வெல் என்ற இடத்தில் ஆலையும் அதற்கான கால்வாயும் அமைக்கப் பெரும்பணம் செலவிட்டார். பீப்பாய் ஒன்றுக்கு 196 ராத்தல் (பவுண்டு) மாவு. அது படகில் ஆற்றுவழியே ரிச்மண்டுக்குப் போய், அங்கே தரம் பார்க்கப்பட்டு, கிப்சன் அண்ட் ஜெஃபர்சன் (இந்த ஜெஃபர்சன் அவருடைய உறவினர்) என்ற கமிஷன் வணிகர்களிடம் சேரும். அவர்கள் அதை விற்றுக் கமிஷனைக் கழித்துக்கொண்டு மீதியை அவர் கணக்கில் வரவு வைப்பார்கள். உங்கள் மண்டியிலும் நடைமுறை ஏறக்குறைய இதுவாகவே இருக்கும். சிக்கல் அந்த வரவில்தான் இருந்தது. மாவு வந்து சேருமுன்பே, அதை நம்பி, ‘இன்னாருக்கு இவ்வளவு பணம் கொடுங்கள்’ என்று அவர்கள் பேரில் ஜெஃபர்சன் உண்டியல் எழுதிக் கொடுத்துவிடுவார். ஆகவே விற்ற பணம் பழைய கடனின் முதலைத் தொடுவதற்குள், வீட்டுச் செலவுக்கும் வட்டிக்கும் புதிய கைமாற்றுகளுக்கும் கரைந்துபோனது. விற்பனையாளரே கடன் தருபவராகவும் இருக்கும்போது, விலை ஏறும்வரை சரக்கை வைத்திருந்து விற்கும் வலு விளைவித்தவருக்கு இருப்பதில்லை.

விலையும் அவர் கையில் இல்லை. வர்ஜீனியா மாவுக்குக் கடல் கடந்த சந்தைதான் உயிர். 1807 டிசம்பரில் குடியரசுத் தலைவராக அவரே கையெழுத்திட்ட ஏற்றுமதித் தடைச் சட்டம் அந்தச் சந்தையை அடைத்தது. பிரிட்டனுடன் மீண்டும் போர் மூண்டு, 1813இல் பிரிட்டிஷ் கடற்படை வர்ஜீனியாவின் கடல்வழியான செசபீக் விரிகுடாவை முற்றுகையிட்டபோது அது மீண்டும் அடைபட்டது. அந்தப் போருக்குப் பின் விலை நன்றாக ஏறியது. ஆனால் 1819 பொருளாதார நெருக்கடியில் சரிந்தது. 1818இல் நண்பர் வில்சன் கேரி நிக்கலஸுக்காக 20,000 டாலருக்கு ஜெஃபர்சன் பிணைக் கையெழுத்துப் போட்டிருந்தார். மறு ஆண்டே நிக்கலஸ் கைவிரிக்க, அந்தக் கடன் இவர் தலையில் விழுந்தது. அதற்கு வட்டி மட்டும் ஆண்டுக்கு 1,200 டாலர். பீப்பாய் 4 டாலருக்கு விலைபோனால், வட்டிக்கே 300 பீப்பாய் வேண்டும்.

இதையெல்லாம் கணக்காக மட்டும் பார்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தக் கோதுமையை விளைவித்தவர்கள் அடிமைகள். பீப்பாய் செய்த பார்னபி கில்லெட்டும் அடிமையே. 31 பீப்பாய்க்கு ஒன்றைத் தனக்கென விற்றுக்கொள்ள அவருக்கு அனுமதி இருந்தது. கடன் கொடுத்தவர்கள் ஜெஃபர்சனைப் பொறுத்துக்கொண்டதற்கு மாவு மட்டும் காரணமில்லை. விற்கத்தக்க மனிதர்கள் அவரிடம் இருந்தார்கள் என்பதே உறுதியான ஈடு. 1826இல் அவர் இறந்தபோது கடன் 1,07,000 டாலருக்கு மேல் இருந்தது. 1827 ஜனவரியில் மான்டிசெல்லோவில் 130 பேரை ஏலத்துக்கு வைத்தார்கள். கொல்லர் ஜோசப் ஃபாசெட்டை ஜெஃபர்சனின் உயில் விடுவித்தது. ஆனால் ஃபாசெட்டின் மனைவி ஈடித்தும் பிள்ளைகளும் ஏலப் பட்டியலில் இருந்தார்கள். மாவு அடைக்காத கடனுக்கு அவர்களைப் போன்ற குடும்பங்கள் பிரிக்கப்பட்டன.

அன்புடன்.