ஏபிசிடி தெரிகிறது, வாசிக்க வரவில்லையே!

கேள்வி: மகன் யு.கே.ஜி. படிக்கிறான். ஏபிசிடி மளமளவென்று சொல்வான். ஆனால் ‘பின்’ என்று எழுதிக் காட்டினால் “பி, ஐ, என்” என்று சொல்லிவிட்டு முழிக்கிறான். நான் தமிழ் மீடியம். ஃபோனிக்ஸ் வகுப்பில் பணம் கட்டிச் சேர்க்கத்தான் வேண்டுமா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் தமிழ் மீடியத்தில் படித்ததே இதற்குக் கைகொடுக்கும். ப் + இ = பி என்று ஒன்றாம் வகுப்பில் படித்தீர்கள் அல்லவா, ஒலியோடு ஒலியைச் சேர்க்கிற அதே வேலைதான் ஃபோனிக்ஸ். உங்கள் மகனுக்கு எழுத்தின் பெயர் தெரியும், ஒலி தெரியாது. “பி, ஐ, என்” என்று எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் ‘பின்’ வராது, “ப், இ, ன்” என்றால் வந்துவிடும். ஆனால் “ப, இ, ன” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், சேர்த்தால் ‘பஇன’ என்றுதான் வரும், பாவம் பிள்ளை குழம்பிப்போவான். எப்போதும் புள்ளி வைத்த எழுத்தாகவே நினைத்துச் சொல்லுங்கள்.

முதலில் புத்தகத்தை எடுக்கவே வேண்டாம். சமையலறையில் நின்றபடி “ப்... ஆ... ல்... வேணுமா?” என்று கேளுங்கள். “ம்... ஈ... ன்” சொல்லிப் பாருங்கள். அவன் “மீனா?” என்று திருப்பிக் கேட்டால் ஒலிகளைச் சேர்க்க அவன் காது பழகிவிட்டது என்று அர்த்தம்.

அப்புறம்தான் எழுத்து. அதையும் ஏ, பி, சி என்று வரிசையாகப் பிடிக்க வேண்டியதில்லை. எஸ், ஏ, டீக்கு வரும் டி, பென்சிலுக்கு வரும் பி, ஐ, என் – பல ஃபோனிக்ஸ் பாடங்கள் இந்த ஆறில்தான் தொடங்குகின்றன, இவற்றை வைத்தே பின், டின், சிட் என்று நிறைய சின்னச் சொற்கள் அமைக்கலாம். பழைய காலண்டர் அட்டையை வெட்டி துண்டுக்கொரு எழுத்தாக எழுதி, ஒவ்வொன்றாக நகர்த்திச் சேர்க்கச் சொல்லுங்கள். ‘பின்’ என்று வாசித்ததும் ஒரு ஊக்கைக் கையில் கொடுங்கள். பொருள் தெரியாமல் வாசித்தால் அது வெறும் சத்தம்தான். தினமும் பத்து நிமிடம் போதும், கொட்டாவி விட்டால் நிறுத்திவிடுங்கள்.

தமிழ்ப் பிள்ளைகள் தடுமாறுகிற இடம் ஒன்று உண்டு: பென்சில் ‘பி’யும் பஸ் ‘பி’யும். நமக்கு இரண்டுக்கும் ஒரே எழுத்து என்பதால் காதுக்கும் ஒன்றாகவே படும். உதட்டுக்கு முன்னால் மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்து, பென்சிலுக்குக் கொஞ்சம் காற்றை ஊதிச் சொல்லச் சொல்லுங்கள், காகிதம் படபடக்கும். பஸ்ஸுக்கு அவ்வளவு அசையாது. என்ன வித்தியாசம் என்று அவனே கண்ணால் பார்ப்பான். பஸ் ‘பி’யையும் டாக்டருக்கு வரும் ‘டி’யையும் இடம் வலம் மாற்றி எழுதினால் திட்டாதீர்கள், இந்த வயதில் அது சகஜம்.

‘தி’ (the), ‘செட்’ (said), ‘வாஸ்’ (was) மாதிரி ஒலிக்கு அடங்காத சொற்கள் வரும்போது விளக்கப் போகாதீர்கள். “இதை இப்படித்தான் வாசிக்கணும்” என்று சொல்லிக் கொடுத்துவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள்.