மேசை போன்களுக்கு நெட்வொர்க் கேபிளிலேயே கரண்ட்: கொட்டேஷனில் எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி: கோவையில் உள்ள எங்கள் ஆடிட்டர் அலுவலகத்தில் 18 ஐபி போன்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி அடாப்டர். கரண்ட் போனால் எல்லாம் செத்துவிடுகின்றன. நெட்வொர்க் கேபிள் வழியாகவே கரண்ட் தரலாம் என்று சொல்லி, 48 போர்ட் ஸ்விட்ச் (நெட்வொர்க் கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் பெட்டி), அலுவலகம் முழுக்கப் புதுக் கேபிள் என்று பெரிய கொட்டேஷன் கொடுத்திருக்கிறார் கான்ட்ராக்டர். இவ்வளவும் தேவையா? அந்த போர்ட்டில் தெரியாமல் கம்ப்யூட்டரைச் செருகினால் எரிந்துவிடாதா?

பதில்: எரியாது. 802.3ஏஎஃப் என்ற தரத்தில் செய்த ஸ்விட்ச் எடுத்த எடுப்பில் கரண்டை அனுப்பாது. முதலில் சின்ன வோல்டேஜ் விட்டு, மறுமுனையில் சுமார் 25 கிலோ ஓம் தடை இருக்கிறதா என்று பார்க்கும். போனில் அது இருக்கும். கம்ப்யூட்டரிலும் பிரின்டரிலும் இருக்காது. அந்தத் தடை இருந்தால்தான் 48 வோல்ட் அளவில் மின்சாரம் போகும்.

48 போர்ட் உங்களுக்குத் தேவையில்லை. கேபிள் வழியே கரண்ட் தரும் இந்த முறைக்குத்தான் பிஓஇ (பவர் ஓவர் ஈதர்நெட்) என்று பெயர். போனின் டேட்டாஷீட்டில் பிஓஇ கிளாஸ் என்ன என்று பாருங்கள். கிளாஸ் 1 என்றால் போர்ட்டுக்கு 4 வாட், 2 என்றால் 7, 3 என்றால் 15.4. சாதாரண கறுப்பு வெள்ளைத் திரை போன்கள் பெரும்பாலும் 1 அல்லது 2. கிளாஸ் 2 என்றே வைத்தாலும் 18 போனுக்கு 126 வாட்தான். 24 போர்ட், மொத்த பிஓஇ பட்ஜெட் (எல்லா போர்ட்டுக்கும் சேர்த்துத் தரக்கூடிய வாட்) 180 வாட்டுக்கு மேல் உள்ள ஸ்விட்ச் ஒன்று போதும்.

இந்த 'மொத்த பட்ஜெட்'டில்தான் ஏமாற்றுகிறார்கள். பெட்டியில் போர்ட் எண்ணிக்கை கொட்டை எழுத்தில் இருக்கும்; வாட் கணக்கைத் தேடிப் பிடிக்க வேண்டும். எல்லா போர்ட்டும் பிஓஇதான், ஆனால் மொத்தமே 60 வாட் என்றால் உங்கள் ஒன்பதாவது போன் எழுந்திருக்காது. 'பிஓஇ ஸ்விட்ச் - 1' என்று ஒற்றை வரியில் வரும் கொட்டேஷனைத் திருப்பி அனுப்புங்கள். மாடல் எண், 802.3ஏஎஃப் அல்லது ஏடி (அதிக வாட் தரும் அடுத்த தரம்), மொத்த வாட் மூன்றும் எழுத்தில் வேண்டும். ஏஎஃப் தரம் 2003லேயே வந்துவிட்டது. இத்தனை ஆண்டுக்குப் பிறகும், எந்தச் சோதனையும் செய்யாமல் 24 வோல்ட்டை நேராகத் தள்ளும் இன்ஜெக்டரையும் (கேபிளில் கரண்டைச் சேர்க்கும் சின்னப் பெட்டி) அதே 'பிஓஇ' பெயரில் விற்க விட்டிருக்கிறார்கள். அது உங்கள் போனை எழுப்பாது. கம்ப்யூட்டரின் லேன் கார்டை எரித்துவிடலாம். நான் மேலே 'எரியாது' என்றது அதற்குப் பொருந்தாது.

விலை குறைவு என்று சிசிடிவி கேமராவுக்கான ஸ்விட்சைத் தலையில் கட்டுவார்கள். அதன் முகப்பில் 'விலேன்', 'எக்ஸ்டெண்ட்' என்று சின்னத் தள்ளு பட்டன் இருக்கும். விலேனில் வைத்தால் போர்ட்டுகள் ஒன்றோடொன்று பேசாது; ஸ்விட்சை மற்ற நெட்வொர்க்கோடு இணைக்கும் அப்லிங்க் போர்ட்டோடு மட்டுமே பேசும். மணி அடிக்கும், எடுத்தால் குரல் வராது. ஏனென்றால் பல அமைப்புகளில் குரல் போனிலிருந்து போனுக்கு நேரே போகிறது. எக்ஸ்டெண்டில் வைத்தால் வேகம் 10 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும்.

கேபிளுக்கு வருவோம். இருப்பது கேட் 5இ (நெட்வொர்க் கேபிளின் தர வகை), முழுச் செம்பு, 100 மீட்டருக்குள், எட்டுக் கம்பியும் இணைத்திருக்கிறது என்றால் மாற்றவே வேண்டாம். ஒரே கேபிளைப் பிரித்து போனுக்கு இரண்டு ஜோடி, கம்ப்யூட்டருக்கு இரண்டு ஜோடி என்று கொடுத்திருந்தால் அந்த இடத்தை மட்டும் மாற்றுங்கள். புதிதாகப் போடுவதென்றால் பெட்டியைப் பிரித்ததும் ஒரு கம்பியைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். தடை அதிகம், சூடாகும், ஜாக்கில் பஞ்ச் செய்யும் இடத்தில் முறியும். ஸ்பீக்கரைக் கூட்டினால் போன் ரீஸ்டார்ட் ஆவதற்கு இதுவும் ஒரு காரணம். இப்படிப்பட்ட கேபிளின் பெட்டியிலும் 'கேட் 6' என்று அச்சிட்டே வருகிறது.

விதிவிலக்கு ஒன்று உண்டு: பழைய சிஸ்கோ 7940, 7960. தரம் வருவதற்கு முன்பு சிஸ்கோ சொந்தமாக வைத்திருந்த முறையில் மட்டுமே இவை கேபிளில் கரண்ட் எடுக்கும். சாதாரண 802.3ஏஎஃப் ஸ்விட்ச் இவற்றை அடையாளம் காணாது. போன் இருண்டே கிடக்கும், ஸ்விட்ச் பழுது என்று நினைப்பீர்கள். 7941, 7961 என்றால் சிக்கல் இல்லை. கடைசி எண் ஒன்றுதான் வித்தியாசம், பார்ப்பதற்கும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும்; அதனால் செகண்ட் ஹேண்டில் கலந்து விற்கிறார்கள். உங்களிடம் இருப்பவற்றைத் திருப்பி, அடியில் உள்ள ஸ்டிக்கரைப் படியுங்கள். புதிதாக வாங்கும்போதும் பெட்டியை நம்பாமல் ஸ்டிக்கரையே படியுங்கள். 7940, 7960தான் என்றால் அவற்றுக்கு 48 வோல்ட் அடாப்டரே தொடரட்டும்.

கரண்ட் போனாலும் பேச வேண்டும் என்பதுதானே உங்கள் தேவை? ஸ்விட்சை மட்டும் யூபிஎஸ்ஸில் போட்டால் பயனில்லை. இபிஏபிஎக்ஸ் (அலுவலக போன் எக்ஸ்சேஞ்ச்), ரூட்டர், ஃபைபர் இணைப்புப் பெட்டி மூன்றும் அதே யூபிஎஸ்ஸில் இருக்க வேண்டும்.

பழைய அடாப்டர்களில் இரண்டை எடுத்து, எந்த போனுடையது என்று எழுதி ஒட்டி வையுங்கள். ஒரு போன் கேபிளில் எழாமல் அடாப்டரில் எழுந்தால், முதலில் போர்ட்டையும் கேபிளையும் பாருங்கள். 12 வோல்ட் ரூட்டர் அடாப்டரின் பின் பொருந்துகிறதே என்று 5 வோல்ட் போனில் மட்டும் செருகிவிடாதீர்கள்.